வியாழனுக்கு வளையம்

அந்த ஜாதகத்தை மொதல்ல பைக்குள்ள வைங்கம்மா. வைங்க, சொல்றேன். வந்ததுலேருந்து அதைப் பிரிக்கிறதும் மடிக்கிறதுமா இருக்கீங்க, மடிப்புல கிழிஞ்சிடப் போகுது. அந்த மாலையையும் அந்த நாற்காலியிலயே வெச்சிடுங்க. கொண்டைக்கடலை மாலை கோயில்ல குரு பகவானுக்குப் போடுறது. ரிட்டயர்டு வாத்தியார் கழுத்துல போடுறதில்ல. போன வாரம் ஒருத்தர் நான் அசந்திருந்த நேரம் பார்த்துப் போட்டுட்டாரு. ஊற வெச்ச கடலைம்மா. சட்டையெல்லாம் ஈரம்.

நான் ஜோசியன் இல்ல. பேரு தனபாலன். இதே துறையூர்ல ஒரு ஸ்கூல்ல பிசிக்ஸ் சொல்லிக் குடுத்துட்டு ரிட்டயர் ஆனவன். கேட்டுல போர்டு பார்த்தீங்கல்ல? ‘இங்கே ஜாதகம் பார்ப்பதில்லை.’ நானே பெயின்ட் வாங்கி எழுதி மாட்டினது. மறுநாள் காலையில பார்த்தா எவனோ அதுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சிட்டுப் போயிருக்கான். இவங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க.

எங்கேருந்து வர்றீங்க? பெரம்பலூருக்கு அந்தப் பக்கமா? இந்த வெயில்ல பஸ் மாறி மாறியா? அட கடவுளே. மங்கை! இந்தம்மாவுக்குத் தண்ணி கொண்டா. என் சம்சாரம், மங்கையர்க்கரசி. அவகிட்ட எதுவும் கேட்டுடாதீங்க. நான் உள்ள கண்ணசரும்போது வர்றவங்களைக் கேட்டோரமா நிறுத்தி, ‘நல்லது நடக்கும், போயிட்டு வாங்க’ன்னு சொல்லி அனுப்புறா. பிசிக்ஸ் வாத்தியார் பொண்டாட்டி! ஏன்டி இப்படிப் பண்றேன்னா, ‘நாலு நல்ல வார்த்தை சொல்றதுக்குக் காசா பணமா’ங்கிறா. இவளுக்கு நான் ஆயுசு பூரா என்னத்தைச் சொல்லிக் குடுத்தேன்னு தெரியலை.

உங்க பொண்ணு விஷயம் இருக்கட்டும்மா, அப்புறம் பேசலாம். யார் சொல்லி வந்தீங்க? பக்கத்து வீட்டுப் பையன் போன்ல காட்டினானா? ‘வியாழனை ஞானக்கண்ணால் கண்ட துறையூர் சித்தர்.’ அதானே? நானும் பார்த்தேன். நான் பேசினதுல முக்காவாசியை வெட்டிட்டு, மிச்சத்துக்குப் பின்னால ஓம்னு ஒரு சத்தத்தைப் போட்டு விட்டிருக்கான் படுபாவி. சித்தராம். சுகர் மாத்திரை போடுற சித்தர்.

நடந்தது என்னன்னு உங்களுக்கு முழுசாச் சொல்லிடறேன். கேட்டா நீங்களே எந்திரிச்சுப் போயிடுவீங்க. வர்ற எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்றேன். சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. இருந்தாலும் சொல்றேன், ஏன்னா சொல்லாம உங்க பையை நான் தொட்டேன்னா அது பித்தலாட்டம்.

எழுபத்தேழாம் வருஷம். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். கல்யாணம் ஆன புதுசு. அப்போ ஒரு தொடர்கதை எழுதினேன். விஞ்ஞானக் கதை. சனி கிரகத்தைச் சுத்துற ஒரு நிலா, அதுல பனிக்கட்டிக்கு அடியில குடைஞ்சு ஒரு வீடு, அதுல ஒரு குடும்பம். புருஷன், பொண்டாட்டி, அங்கயே பொறந்த ஒரு பையன். அவ்வளவுதான் ஆளுங்க. வீட்டு மேல கண்ணாடிக் கூரை. அண்ணாந்தா சனியோட வளையம் வானம் பூரா வெள்ளையாத் தெரியும். அந்த வளையத்து வெளிச்சத்துலதான் அந்தம்மா கத்திரிச் செடி வளர்ப்பா, பையனுக்குப் பாடம் சொல்லித் தருவா. கதைக்கு ‘சனியில் ஒரு வீடு’ன்னு பேரு வெச்சேன்.

சிரிக்கிறீங்க பாத்தீங்களா? உங்களுக்கே சிரிப்பு வருது. எனக்கு அன்னைக்கு அந்தப் புத்தி இல்ல. மங்கை கூடச் சொன்னா. ‘ஏங்க, வேற பேரு வைக்கக் கூடாதா, கேக்கவே ஒரு மாதிரி இருக்கே’ன்னா. உனக்கு என்னடி தெரியும் அஸ்ட்ரானமின்னு அவ வாயை அடைச்சிட்டு, மெட்ராஸ்ல ஒரு வாரப்பத்திரிகைக்கு அனுப்பிட்டேன். பத்திரிகை பேரு வேணாம், இப்போ அது இல்ல. எடுத்துக்கிட்டாங்க! ஆசிரியர் சாம்பமூர்த்தின்னு ஒரு பெரியவர், தன் கைப்பட ரெண்டு வரி எழுதியிருந்தார். எனக்குக் கால் தரையில பாவலை. ஸ்கூல் பூராச் சொல்லிட்டேன்.

அப்புறம் விளம்பரம் வந்துச்சு. ‘விரைவில்! வியாழனில் ஒரு வீடு!’ கூடவே என் பேரு.

எனக்குப் புரியலை. அச்சுல ஏதோ தப்பு நடந்துடுச்சுன்னு நெனச்சு ரயிலேறி மெட்ராஸ் போனேன். சாம்பமூர்த்தி உக்காரச் சொல்லிக் காபி குடுத்தார். ‘தம்பி, கதை பிரமாதம். ஆனா நம்ம பத்திரிகை வெள்ளிக்கிழமை கடைக்கு வருது. வெள்ளிக்கிழமையும் அதுவுமா சனியைக் காசு குடுத்து வாங்கிக் கொண்டுபோய் நடு வீட்டுல வைன்னு சொன்னா எவன் வைப்பான்? பொம்பளைங்க பெருக்கித் தள்ளிடுவாங்க. வியாழன்னா குரு பகவான். மங்களம். கதையில ஒரு வரி மாத்தலை, கிரகத்தை மட்டும் மாத்தியிருக்கேன்’னார்.

கிரகத்தை மட்டும்! சார், வளையம் சனிக்குத்தானே சார் இருக்கு, வியாழனுக்கு ஏது வளையம்னு கேட்டேன். அழாத குறையாக் கேட்டேன். அவர் சொல்றார், ‘இல்லேன்னா என்ன, நீ போடு. கதைதானே? குருவுக்கு ஒரு மோதிரம் போட்டா அழகாத்தான் இருக்கும்.’ அப்படிச் சொல்லிட்டு என்னைத் தட்டிக் குடுத்து அனுப்பிட்டார். நல்ல மனுஷர். கெட்டவர்னு சொல்ல மாட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவர் மேல எனக்கு ஆத்திரம் ஆறலை, அது வேற விஷயம்.

இதுல கூத்து என்னன்னா, அச்சுக் கோக்கிறவங்ககிட்ட ‘சனின்னு எங்க வந்தாலும் எடுத்துட்டு வியாழன்னு போடு’ன்னு சொல்லியிருக்காங்க. அவங்களும் சொன்னதைச் சொன்னபடி செஞ்சிட்டாங்க. கதையில ஒரு இடத்துல பையன் கேப்பான், ‘அம்மா, பூமியில இன்னைக்கு என்ன கிழமை?’ அவ ‘சனிக்கிழமை, நாளைக்கு ஞாயிறு’ம்பா. அது ‘வியாழக்கிழமை, நாளைக்கு ஞாயிறு’ன்னு வந்துச்சு. இன்னொரு இடத்துல பையன் தண்ணிக் குழாயைத் திறந்து விட்டுட்டு வந்துடுவான். அந்தம்மா கோபத்துல ‘சனியனே, அறிவிருக்கா உனக்கு’ன்னு திட்டுவா. அது என்னாச்சு? ‘வியாழனே, அறிவிருக்கா உனக்கு.’

மங்கை, நீ ஏன் அங்க நின்னு சிரிக்கிறே? இவளுக்கு இந்த இடம் வந்தா மட்டும் கேக்கணும்.

முதல் வாரம் வந்ததுமே ஸ்டாஃப் ரூம்ல ஆரம்பிச்சுட்டாங்க. கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருத்தர், ஆரோக்கியசாமின்னு. பத்திரிகையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ‘என்ன சார், வியாழனுக்கு வளையமாம்! நம்ம பசங்களுக்கு நீங்கதான் பிசிக்ஸ் எடுக்குறீங்களா?’ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. சார், நான் சனின்னுதான் எழுதினேன், ஆசிரியர் மாத்திட்டார்னு சொன்னேன். ‘ஆமாமா, பரீட்சையில தப்பா எழுதுற பையனும் இதையேதான் சொல்றான்’னார். மறுபடி சிரிப்பு. நான் கிளாசுக்குப் போனா போர்டுல பெரிய வட்டம், அதைச் சுத்தி வளையம், கீழ ‘வியாழன் – நன்றி: தனபாலன் சார்’. அழிச்சிட்டுப் பாடம் எடுத்தேன். மறுநாளும் இருந்துச்சு.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை வந்தா நான் ஸ்டாஃப் ரூம் பக்கமே போக மாட்டேன். ஒவ்வொரு வாரமும் ஒரு வளையம் வருமே! ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு விட்டார். ‘தனபாலன், கதை எழுதுங்க, வேணாங்கலை. ஆனா பேருக்குப் பக்கத்துல எம்.எஸ்ஸி.ன்னு போடாதீங்க, ஸ்கூலுக்கு அசிங்கம்’னார். அந்த வருஷம் ஜில்லா சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு நடுவரா என் பேரு இருந்துச்சு, எடுத்துட்டாங்க. ஏன்னு நான் கேக்கவும் இல்ல, அவங்க சொல்லவும் இல்ல.

அடுத்த கதை பாதி எழுதி வெச்சிருந்தேன். கடலுக்கு அடியில ஒரு ஊரு. நல்லா வந்துக்கிட்டிருந்துச்சும்மா. அதை மூடி வெச்சவன்தான். அதுக்கப்புறம் கதைன்னு ஒரு வரி எழுதலை. கேள்வித்தாள் எழுதினேன், மார்க் ஷீட் எழுதினேன். மங்கை ரொம்ப நாள் கேட்டுக்கிட்டிருந்தா, ‘அந்தக் கடல் ஊரு என்னாச்சு’ன்னு. அப்புறம் அவளும் விட்டுட்டா.

தண்ணி குடிங்கம்மா. உங்க பொண்ணுக்கு என்ன வயசுன்னு சொன்னீங்க? முப்பத்தாறா. சரி. இருங்க, முக்கியமான இடம் இனிமேதான் வருது.

எழுபத்தொன்பது மார்ச்சு. ரேடியோவுல செய்தி கேட்டுக்கிட்டிருக்கேன். அமெரிக்காக்காரன் அனுப்பின வாயேஜர் விண்கலம் வியாழன் பக்கத்துல போயிருக்கு, வியாழனுக்கு ஒரு வளையம் இருக்கிறதைப் படம் பிடிச்சிருக்குங்கிறான்! கையில இருந்த டம்ளரை அப்படியே வெச்சிட்டேன். உடனே ஸ்கூலுக்கு ஓடினேன், நடந்து இல்ல, ஓடினேன். ஆரோக்கியசாமி சார் மாத்தல்ல போயி வருஷம் ஆச்சு. போர்டுல படம் போட்ட பசங்க பாஸாகிப் போயிட்டாங்க. ஹெட்மாஸ்டர்கிட்ட மூச்சு வாங்கச் சொன்னேன். சார், வியாழனுக்கு வளையம் இருக்காம் சார்! அவர் நிமிர்ந்து பார்த்தார். ‘ஓ, அப்படியா? நல்லது. நாளைக்கு பத்தாம் நம்பர் ஹால்ல சூப்பர்விஷன் உங்களுக்கு, மறந்துடாதீங்க’ன்னார். என்னைக் கேலி பண்ணினது அவருக்கு ஞாபகமே இல்ல. யாருக்குமே ஞாபகம் இல்ல. எனக்கு மட்டும்தான் இருந்துச்சு.

அதோட போச்சுன்னு நெனச்சேன். போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்.

போன வருஷம் சென்னையிலேருந்து இளம்பரிதின்னு ஒரு பையன் வந்தான். சின்னதாப் பதிப்பகம் வெச்சிருக்கான். பழைய வாரப்பத்திரிகையில வந்த விஞ்ஞானக் கதையெல்லாம் தேடி எடுத்துப் புத்தகமாப் போடுறானாம். சார், உங்க ‘வியாழனில் ஒரு வீடு’ கிடைச்சிருச்சு சார், போடலாமா சார்ங்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? இந்த வயசுல! மங்கை அவனுக்குக் கேசரி கிண்டிக் குடுத்தா. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். தம்பி, தாராளமாப் போடு, எனக்குக் காசு வேணாம், ஆனா வியாழனை எடுத்துட்டுச் சனியைப் போட்டுடு. நான் எழுதினபடி வரட்டும். தலையெழுத்து மாறட்டும்னேன்.

அவன் போனை எடுத்து என்னமோ தேடினான். தேடிட்டுச் சேர்லேருந்து எந்திரிச்சிட்டான். ‘சார்! வியாழனோட வளையத்தைக் கண்டுபிடிச்சதே எழுபத்தொன்பதுல சார்! நீங்க எழுபத்தேழுலயே எழுதியிருக்கீங்க!’ங்கிறான். தம்பி, அது நான் எழுதலைப்பா, ஆசிரியர் மாத்தினதுப்பான்னு சாம்பமூர்த்தி கதையைப் பூராச் சொன்னேன். இப்போ உங்களுக்குச் சொன்னேனே, அதே மாதிரி. கேட்டுட்டுச் சிரிக்கிறான். ‘சார், நீங்க இவ்வளவு எளிமையா இருக்கீங்களே சார்’ங்கிறான்.

புத்தகம் வந்துச்சு. அட்டையில வியாழன், சுத்தி வளையம், மேல சிவப்புல ‘விஞ்ஞானம் கண்டுபிடிக்கும் முன்பே தமிழன் கண்டது!’ எனக்கு அதைப் பார்த்ததும் பழைய கரும்பலகை ஞாபகம் வந்துடுச்சு. அதே படம்தான். அன்னைக்குச் சாக்பீஸ், இன்னைக்குக் கலர், அதான் வித்தியாசம்.

திருச்சியில வெளியீட்டு விழா. கூட்டம்னா கூட்டம், உக்கார இடமில்ல. எல்லாம் சின்னப் பசங்க. நான் மைக்கைப் பிடிச்சு உண்மையைச் சொல்லிட்டேன். அய்யா, நான் எழுதினது சனி, இது ஆசிரியர் மாத்தினது, எனக்கு ஒண்ணும் முன்னாடியே தெரியாது, இந்தப் பாராட்டு எனக்குச் சேராதுன்னேன். அரங்கமே எந்திரிச்சுக் கை தட்டுது! அடுத்துப் பேச வந்தவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ‘இந்தத் தன்னடக்கத்தை இன்னைக்கு எங்க பார்க்க முடியும்’ங்கிறார். மறுநாள் பேப்பர்ல அதான் தலைப்பு. தன்னடக்கத்தின் சிகரம்னு. அன்னைக்குச் சொன்னா சாக்குன்னாங்க. இன்னைக்குச் சொன்னா தன்னடக்கம்ங்கிறாங்க. நான் என்னதாம்மா சொல்லணும்?

வாசகர்கள் ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. ஒரு பொண்ணு, கோயமுத்தூர்ல ஐ.டி. கம்பெனியில இருக்கு, அந்த ‘வியாழக்கிழமை, நாளைக்கு ஞாயிறு’ங்கிற வரியைப் பத்தி நாலு பக்கம் எழுதியிருக்கு. வியாழனுக்கு ஒரு நாள்ங்கிறது பத்து மணி நேரம்தானாம், அதனால அங்க இருக்கிறவங்களுக்குப் பூமியோட கிழமை தாவித் தாவிப் போகுமாம், இதை இவ்வளவு நுட்பமா ஒத்தை வரியில சொன்ன எழுத்தாளர் உலகத்துலயே இல்லையாம். அச்சுக் கோத்தவர் உசுரோட இருந்தா கூட்டிட்டு வந்து அவருக்குத்தான் மாலை போடணும். அப்புறம் அந்த ‘வியாழனே’. இப்போ காலேஜ் பசங்க ஒருத்தனை ஒருத்தன் ‘டேய் வியாழனே’ன்னுதான் திட்டிக்கிறாங்களாம். வேற்றுக்கிரகத்து வசைச்சொல்லாம்! பனியன்ல எல்லாம் போட்டுக்கிறாங்க. ஒருத்தன் எனக்கே ஒண்ணு கொண்டுவந்து குடுத்தான். மங்கை அதை வெச்சு ஜன்னல் துடைக்கிறா.

எனக்குச் சந்தோஷம் இல்லையான்னு கேட்டா, இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். விழாவுக்குக் கூப்பிட்டா போறேன். அடுத்த வாரம் சேலத்துல ஒண்ணு இருக்கு, புது வேட்டி கூட எடுத்து வெச்சிருக்கேன். உண்மையைச் சொல்லத்தாம்மா போறேன். வேற எதுக்குப் போறேன்.

ஆனா ஒண்ணு. ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது அந்த மழை வர்ற அத்தியாயத்தைப் பத்திக் கேட்டாங்களா? இல்ல. அந்தப் பையன் மழையே பார்த்ததில்லம்மா. பனிக்கட்டிக்கு அடியில பொறந்தவன். பாட்டுல மழைன்னு ஒரு வார்த்தை வரும். மழைன்னா என்னம்மான்னு கேப்பான். அவளுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாது. ஒரு தட்டுல தண்ணியை எடுத்து, அதுல விரலை நனைச்சு அவன் மூஞ்சியில தெளிப்பா. இது மாதிரியா? இது மாதிரிதான், ஆனா யாரும் தெளிக்க மாட்டாங்க, தானா விழும்பா. பையன் நம்ப மாட்டான். யாரும் தெளிக்காம எப்படி விழும், பொய் சொல்றேம்மான்னுடுவான். அவ அழுதுடுவா. அதை எழுதும்போது நானும் அழுதேன். மங்கையை எழுப்பிப் படிச்சுக் காமிச்சேன். அவளும்... சரி விடுங்க. அதுக்குத்தான் கதையே எழுதினேன். வளையம் அங்க சும்மா வெளிச்சத்துக்கு. அவனவன் வெளிச்சத்தையே பார்த்துட்டுப் போயிட்டான்.

இன்னொண்ணும் சொல்றேன், படிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும். நான் எழுதின வளையம் பனிப்பாறை. பளபளன்னு இருக்கும், அதோட வெளிச்சத்துல புத்தகம் படிக்கலாம். வியாழனுக்கு இருக்கிறது அது இல்லம்மா. வெறும் தூசி. கண்ணுக்கே தெரியாத தூசி. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. இதை மேடையில சொன்னா, ‘சார் இன்னும் ஆழமாப் போறார்’னு கை தட்டுறாங்க.

அதுக்கப்புறம் ஏதோ ஒரு ஜோசிய சேனல்காரன் கையில விஷயம் மாட்டிச்சு. குரு பெயர்ச்சி சமயம் வேற. ‘குருவின் ரகசியத்தைக் கண்டவர்’னு போட்டுட்டான். அன்னைக்கு ஆரம்பிச்ச தலைவலி. வியாழக்கிழமை ஆனா கேட்டு முன்னால செருப்பு குவிஞ்சிடுது. மஞ்சத் துணி, மஞ்சப் பூ, கடலை மாலை. வீட்டுல தினம் கொண்டைக்கடலைச் சுண்டல். எனக்கு வாயுத் தொல்லை. டாக்டர் கடலையைத் தொடாதேங்கிறார், அவரோட அம்மா ஜாதகத்தைக் குடுத்து விடுறாங்க.

அவ்வளவுதாம்மா. இதுல ஒரு வார்த்தை கூட்டிக் குறைச்சுச் சொல்லலை. எனக்கு ஞானக்கண் இல்ல, இருக்கிற ரெண்டு கண்ணுலயும் புரை. நான் எதையும் முன்கூட்டிப் பார்க்கலை. சனின்னு எழுதினேன், ஒருத்தர் பயந்துக்கிட்டு மாத்தினார், மாத்தினது தற்செயலா நிஜமாயிடுச்சு. இப்போ புரியுதா? புரியுதுல்ல? நல்லது. நீங்களாவது பொறுமையாக் கேட்டீங்க. நடுவுல கை தட்டலை, கால்ல விழலை. ரொம்ப நாள் கழிச்சு மனுஷங்ககிட்ட முழுசாப் பேசின மாதிரி இருக்கு. மங்கை, இவங்களுக்குக் காபி போடு. மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கட்டும்.

என்னம்மா, மறுபடி பையைத் திறக்குறீங்க?

இவ்வளவு நேரம் நான் யாருக்குச் சொன்னேன்?

சரி. சரி, சொல்லுங்க. சொல்லாம விட மாட்டீங்க. சுபத்ரான்னா பேரு? ஜவுளிக்கடையில வேலையா? நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கணுமே அங்க. ம். எத்தனை பேர் வந்து பார்த்துட்டுப் போனாங்க? ம். போன மாசம் வந்தவங்களுமா? நிச்சயதார்த்தத்துக்குச் சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டு அப்புறமா வேணாம்னுட்டாங்களா? அடப்பாவிகளா. காரணம் ஒண்ணும் சொல்லலையா? ஜோசியர்ங்க என்ன சொல்றாங்க? அத்தனை பேருமா? வியாழ நோக்கமே இல்ல, இந்த ஜாதகத்துக்குக் கல்யாண யோகம் கிடையாதுன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்களா? அதுவும் அந்தப் பொண்ணை வெச்சுக்கிட்டேவா? அது என்ன பண்ணுச்சு? வேலைக்கு லேட்டாயிடுச்சுன்னு எந்திரிச்சுப் போயிடுச்சா.

அழாதீங்கம்மா. எனக்கு இதெல்லாம் தாங்காது. நீங்க இங்க வந்தது அதுக்குத் தெரியுமா? தெரியாதா.

ஆனா நான் என்னம்மா பண்ண முடியும்? இப்பத்தானே அத்தனையும் சொன்னேன். அது என் வாக்கு இல்ல, தப்பு. எவரோ பண்ணின தப்பு, என் பேருல வந்த தப்பு. தப்பும்மா, தப்பு!

என்ன சொன்னீங்க? காதுல சரியா விழலை. இன்னொரு தடவை சொல்லுங்க.

‘தப்பாச் சொன்னதே உங்களுக்குப் பலிச்சிருக்கே சார்’ங்கிறீங்க. ‘கணக்குப் போட்டுச் சரியாச் சொல்ற ஜோசியர்ங்க எல்லாரும் ஆகாதுன்னுட்டாங்க, நீங்க தப்பாவாவது ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்’ங்கிறீங்க.

அம்மா. அம்மா, இருங்க.

மங்கை, நீ கொஞ்சம் உள்ள போ. அப்படிப் பார்க்காதே என்னை.

அதை இப்படிக் குடுங்க. இல்ல, மடிச்சபடியே குடுங்க, பிரிக்க வேணாம். பிரிச்சாலும் எனக்குக் கட்டம் பார்க்கத் தெரியாது. சுபத்ரான்னுதானே சொன்னீங்க? ஆகும்மா. கல்யாணம் ஆகும். தையில ஆகும். நல்ல பையனா வருவான். போதுமா?

என்னம்மா இது, எந்திரிங்க, கால்லயெல்லாம் விழக்கூடாது, நான் சொன்னேன்ல. எந்திரிங்க. மூஞ்சியைத் துடைங்க. இவ்வளவு நேரம் இடிஞ்சுபோய் உக்காந்திருந்தீங்க, இப்போ சிரிக்கிறீங்களே. நாப்பத்தேழு வருஷமா எனக்குத் தெரிஞ்சதை மட்டும்தாம்மா சொல்லிட்டு வர்றேன். ஒரு ஜீவன் நம்பலை. தெரியாத ஒண்ணை இன்னைக்குத்தான் முதல் தடவையாச் சொல்றேன், அதுக்குள்ள நம்பிட்டீங்களேம்மா.